கணிதத்தை இரண்டாவது மேஜராக எடுப்பதா, ஐந்து பாடங்களோடு நிறுத்துவதா?

அறிவியல் பட்டம் படிக்கும் பலருக்கு இரண்டாம் ஆண்டின் நடுவில் இந்த யோசனை வரும். நுண்கணிதம் முடிந்திருக்கும், நேரியல் இயற்கணிதம் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த செமஸ்டரில் வகைக்கெழுச் சமன்பாடுகள். "பாதிக் கணிதம் எப்படியும் படித்தாயிற்று. இன்னும் ஏழெட்டுப் பாடம் சேர்த்தால் கணிதத்திலும் மேஜர் கிடைக்கும், எடுத்துவிடலாமா?" மேஜர் என்றால் பட்டத்தின் முதன்மைத் துறை; ஒரே பட்டத்தில் இரண்டு எடுத்தால் அது இரட்டை மேஜர். இயற்பியல் மாணவர்களிடம் இந்தக் கேள்வி அதிகம். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. இயற்பியலோடு கணிதத்தையும் எடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு இதே கேள்வியோடு வந்த இளையவர்கள் பலரோடு உட்கார்ந்து, அவர்களுடைய எட்டு செமஸ்டரையும் தாளில் கட்டம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணிதம் உங்களுக்குக் கருவியாக வேண்டுமென்றால் இரட்டை மேஜர் தேவையில்லை. பார்த்துப் பொறுக்கிய ஐந்து பாடங்கள் அதைவிட நன்றாகக் கைகொடுக்கும். நிரூபணம் எழுதுவது உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டதென்றால் தாராளமாக எடுங்கள், அந்தப் படிப்பு வேறு எந்த வழியிலும் அவ்வளவு நன்றாகக் கிடைக்காது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பது, நிரூபணம் கேட்கும் ஒரு பாடத்தையாவது படித்துப் பார்க்கும்வரை உங்களுக்கே தெரியாது. அதனால் அந்த ஒரு பாடத்தை முடிக்கும்வரை முடிவைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

"பாதி முடிந்துவிட்டது" என்ற கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். நான்காண்டுப் பட்டத்தில் செமஸ்டருக்கு நான்கைந்து பாடம் என்றால் மொத்தம் 32 முதல் 40 பாடங்கள். கணித மேஜர் பொதுவாக 10 முதல் 13 பாடங்கள் கேட்கும். இயற்பியல் மாணவருக்கு அதில் நான்கு ஏற்கெனவே பட்டத்துக்குள்ளேயே இருக்கும்: நுண்கணிதம் இரண்டு, நேரியல் இயற்கணிதம் ஒன்று, வகைக்கெழுச் சமன்பாடுகள் ஒன்று. மீதி ஆறிலிருந்து ஒன்பது. விருப்பப் பாடங்களுக்கென்று விட்டிருக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆக, எண்ணிக்கையில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அப்படிப் பொருந்தும்போது காலியாக இருந்த ஒவ்வொரு கட்டமும் நிரம்பிவிடுகிறது. மொழி, வரலாறு, நிரலாக்கம், சும்மா ஆசைக்குப் படிக்க நினைத்த வானியல், எதற்கும் இடமில்லை. வேதியியல் மாணவருக்குப் பொதுவாக இருப்பது இரண்டு மூன்று பாடங்கள்தான். உயிரியலுக்கு ஒன்றிரண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம்.

இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஒரே பாடத்தை இரண்டு மேஜருக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வதற்குப் பல பல்கலைக்கழகங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. நான்கு பாடம் பொதுவாக இருந்தும் இரண்டைத்தான் எண்ணுவோம் என்றால், உங்கள் ஏழு பாடம் ஒன்பதாகிவிடும். எதையும் திட்டமிடும் முன் துறை ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சரி, எண்ணிக்கையை விடுவோம். பெரிய விஷயம் வேறு. கணித மேஜரின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேறு வேலைகள். நுண்கணித வகுப்பில் தொகையிடச் சொல்வார்கள், நீங்கள் தொகையிடுவீர்கள். ரியல் அனாலிசிஸ் வகுப்பில், இந்தத் தொகை இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். முதல் பாதியில் நன்றாகச் செய்தவர் இரண்டாம் பாதியிலும் நன்றாகச் செய்வார் என்று சொல்ல முடியாது. அங்கே சுமாராக இருந்த சிலர் இங்கே வந்து மலர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஃபூரியே தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அது. 1822-இல் ஃபூரியே தன் கோட்பாட்டை நூலாக வெளியிட்டபோது, எந்தச் சார்பையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்றார். இயற்பியல் வகுப்பில் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு அடுத்த வாரமே கம்பியின் அதிர்வுக்குப் பயன்படுத்துவோம். உண்மையிலேயே எந்தச் சார்பையும் எழுத முடியுமா? அந்தக் கூட்டல் எப்போது ஒரே விடையை நெருங்கிப் போகும், அதாவது குவியும்? 1829-இல் டிரிச்லே முதல் உறுதியான நிபந்தனைகளைத் தந்தார். 1872-இல் வயர்ஸ்ட்ராஸ், எங்குமே அறுபடாமல் தொடர்ந்து செல்லும், ஆனால் ஒரு புள்ளியில்கூடத் தொடுகோடு வரைய முடியாத சார்பு ஒன்றைக் காட்டினார். அதைக் கட்டியதும் கொசைன் அலைகளைக் கூட்டித்தான். வர்க்கத்தைத் தொகையிட முடிந்த சார்புகளின் ஃபூரியே தொடர் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் குவிகிறது என்பதை கார்லெசன் நிரூபித்தது 1966-இல். ஒரு வாரப் பாடத்துக்குப் பின்னால் 144 ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இதைப் படிக்கும்போது, கருவியில் வரும் சிக்னலை அலசுவதற்கு இதெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்வி. பெரும்பாலான ஆய்வகங்களில் அதன் நேரடி விடை "தேவையில்லை"தான். மாறாக, "அறுபடாத கோட்டுக்கு எங்குமே தொடுகோடு இல்லையா, அது எப்படி?" என்று மனம் அங்கேயே நின்றுவிட்டால், கணித மேஜரின் இரண்டாம் பாதி உங்களுக்காகத்தான் இருக்கிறது.

என் முதல் அனாலிசிஸ் பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து கணக்குகள். இயற்பியல் பயிற்சிபோல ஓர் இரவில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் கணக்கு, ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஓர் எல்லையைத் தாண்டாத எண் தொடர் குவியும் என்று காட்டுவது. படம் வரைந்தால் பளிச்சென்று தெரிகிறது. எழுதத்தான் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, மெய்யெண்கள் என்றால் என்ன என்பதே இதுவரை எனக்குத் தெரியாது, அதனால்தான் எழுத வரவில்லை என்று புரிந்தது. அந்த மாலைக்காகத்தான் நான் கணித மேஜர் எடுத்தேன் என்று சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் அதே பயிற்சியை முடித்துவிட்டு, இதில் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மைனரோடு, அதாவது மேஜரைவிடக் குறைவான பாடங்கள் கேட்கும் துணைத் துறையோடு, நிறுத்திக்கொண்டான். அவன் முடிவும் சரியானதே. பிறகு சோதனை இயற்பியலில் மிக நன்றாக வந்தான்.

இப்போது வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பட்டம் கேட்கும் கணிதத்தோடு நிறுத்திக்கொள்வது முதல் வழி. ஆய்வகத்தில்தான் உயிர் என்று இருப்பவருக்கு இது போதும். ஃபாரடே முறையான கணிதப் படிப்பே இல்லாமல் 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். அவருடைய விசைக் கோடுகளுக்குச் சமன்பாடு கொடுக்க மேக்ஸ்வெல் வந்தார். ஆனால் இன்று ஃபாரடேயை நம்பிக் கணிதத்தை விட்டுவிட முடியாது. இன்றைய சோதனையாளருக்கும் புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் இல்லாமல் தரவைத் தொட முடியாது. பட்டம் அவற்றைக் கட்டாயமாக்கவில்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதுதான் இரண்டாம் வழி: பெயரே இல்லாமல் நான்கைந்து கணிதப் பாடங்களைப் பொறுக்கி எடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த வழி, மிகக் குறைவாகப் பேசப்படும் வழியும்கூட. சான்றிதழில் ஒரு வரி கூடாது என்பதால் யாரும் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பாடத்தின் பெயரும் இருக்கும், அதைப் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். இதன் பெரிய லாபம், எந்தத் துறையின் கட்டாயத்துக்காகவும் நீங்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை என்பது. நேரியல் இயற்கணிதத்தின் இரண்டாம் பாடம், நிகழ்தகவு, எண்சார் பகுப்பாய்வு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் பகுப்பாய்வு. பெரும்பாலான இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு நான் சொல்லும் ஐந்து இவை.

மைனர் என்பது இதே வழிக்குப் பெயர் ஒட்டியது. ஐந்து முதல் ஏழு பாடம் கேட்கும், அவற்றில் சில உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். இன்னும் இரண்டு பாடத்தில் கிடைக்கிறதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வேண்டாத பாடத்தைத் திணித்துக்கொள்ள வேண்டாம்.

இரட்டை மேஜரில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? அனாலிசிஸ் ஒன்றோ இரண்டோ, நுண்ணியற்கணிதம் (abstract algebra), அப்புறம் டோபாலஜி, எண் கோட்பாடு, வகையீட்டு வடிவியல் போன்ற மேல்நிலைப் பாடங்களில் இரண்டு மூன்று. இங்கேதான் ஒரு தவறான எதிர்பார்ப்பு பலரை ஏமாற்றுகிறது. "குவாண்டம் இயக்கவியலுக்குக் குலக் கோட்பாடு வேண்டும், அதனால் நுண்ணியற்கணிதம் எடுக்கிறேன்" என்று வருவார்கள். சமச்சீரைக் கணிதமாக்கும் குலக் கோட்பாடு (group theory) வேண்டும் என்பது உண்மை. ஆனால் கணிதத் துறையின் முதல் நுண்ணியற்கணிதப் பாடம் முடிவுறு குலங்கள், சைலோ தேற்றங்கள், வளையங்கள், களங்கள் என்று போகும். சுழற்சிகளை விவரிக்கும் லீ குலங்கள் அதில் வராது. மூலக்கூறின் சமச்சீரை அலச வேதியியலார் பார்க்கும் குணப் பட்டியல்கள் (character tables) உருக்காட்டல் கோட்பாட்டைச் (representation theory) சேர்ந்தவை, முதல் பாடத்தில் பெரும்பாலும் அதுவரை போகவே மாட்டார்கள். குவாண்டம் நிலைகளை எழுதப் பயன்படும் ஹில்பர்ட் வெளியும் அப்படித்தான். அதை ஒழுங்காகக் கற்றுத்தரும் ஃபங்ஷனல் அனாலிசிஸ் பல இடங்களில் முதுநிலைப் பாடம். அறிவியலுக்கு உடனே வேண்டியதைக் கணிதத் துறை கற்றுத்தருவதற்கு முன்பே, உங்கள் துறையின் "இயற்பியலுக்கான கணித முறைகள்" போன்ற பாடம் வேகமாகக் கொடுத்துவிடும், நிரூபணம் இல்லாமல்.

இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு. 1925-இல் ஹைசன்பர்க் எழுதிய கட்டுரையில், பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் விசித்திரமான எண் அட்டவணைகள் இருந்தன. அவை அணிகள் என்று ஹைசன்பர்க்குக்குத் தெரியாது. மாணவப் பருவத்தில் கணித வகுப்பில் அணிகளைப் படித்திருந்த மாக்ஸ் போர்ன் அவற்றை அடையாளம் கண்டுகொண்டார். குவாண்டம் இயக்கவியல் நிமிர்ந்து நின்றது. கூடுதல் கணிதம் படிப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லைதான். ஆனால் போர்னுக்கு அன்று உதவியது அணிப் பெருக்கல். இன்றைக்கு அது முதலாண்டுப் பாடம். இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பலவிதமான கணிதத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது. அதற்கு அகலம் வேண்டும், மேஜர் என்ற பெயர் வேண்டியதில்லை. ஐன்ஸ்டைனும் மாணவராக இருந்தபோது கணிதத்தில் அவ்வளவு கவனம் செலுத்தவில்லை. 1912-இல் வளைந்த வெளியின் வடிவியல் தேவைப்பட்டபோது, கூடப் படித்த கணித நண்பர் கிராஸ்மனிடம் போனார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பதும் ஒரு வழிதான். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்காவது நமக்குக் கணிதம் வேண்டும்.

மறுபக்கச் சாட்சியும் வலுவானது. படிகத்தின் வழியே சிதறும் எக்ஸ் கதிர்களிலிருந்து மூலக்கூறின் வடிவத்தை நேரடியாகக் கணக்கிடும் முறைக்காக 1985-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான ஹாப்ட்மன் இளநிலையிலும் முதுநிலையிலும் படித்தது கணிதம். 1998-இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் போப்பிளின் முனைவர் பட்டமும் கணிதத்தில்தான். ஒரு துறையின் கணித அடித்தளத்தையே மாற்ற ஆசைப்படுபவருக்குக் கருவிகள் மட்டும் போதாது. கோட்பாட்டு இயற்பியல், கணிதம்சார் உயிரியல், குவாண்டம் தகவலியல் போன்றவற்றுக்குப் போகிறவர்கள் இரட்டை மேஜர் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

இரட்டைப் பட்டம் என்பது வேறு. இரண்டு தனித்தனிப் பட்டங்கள், பெரும்பாலும் ஓர் ஆண்டு கூடுதல், அதற்கான கட்டணமும் கூடுதல். கணிதத்துக்காக அந்த ஐந்தாம் ஆண்டைச் செலவிடுவதைவிட அதை முதுநிலைப் படிப்பில் செலவிடுவது நல்லது.

துறைக்குத் துறை விடை மாறும். இயற்பியலுக்குச் சொல்லியாயிற்று. கணினி அறிவியலுக்குப் பொதுப் பாடங்கள் அதிகம் என்பதால் இரட்டை மேஜர் எளிதாக அமையும். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்ற 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்லரின் எண் கோட்பாட்டின் மேல் நிற்கிறது. மறையாக்கவியலோ அல்காரிதம் கோட்பாடோ பிடித்தவருக்கு நுண்ணியற்கணிதம் நேரடியாகவே பயன்படும்.

உயிரியல்தான் சுவாரசியமானது. அங்கே பெரிய திருப்பங்கள் பல, எளிய கணிதம் சரியான இடத்தில் வந்து விழுந்ததால் நடந்தவை. ஓங்கு பண்பு தலைமுறை தலைமுறையாகப் பெருகி எல்லோரிடமும் வந்துவிடாதா என்ற குழப்பத்தை, 1908-இல் ஹார்டி என்ற கணிதவியலாளர் பள்ளி இயற்கணிதத்தை வைத்தே ஒரு சிறு கடிதத்தில் தீர்த்தார். அதே ஆண்டு வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக அதே விடைக்கு வந்தார். 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதினார்கள், அவற்றைக் கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் தீர்த்தார்கள். உயிரியல் மாணவருக்கு ஒன்பது பத்துப் பாடம் கூடுதலாகச் சுமப்பதைவிட, நிகழ்தகவு, இரண்டு புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், இவற்றோடு நிரலாக்கம் என்பதே என் பரிந்துரை. புள்ளியியலில் தனி மைனர் இருந்தால் கணித மைனரைவிட அது மேல்.

விலை என்ன? என் விலையைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்தில் வாரம் பத்து மணி நேரம் வேலை செய்யக் கூப்பிட்டார். அந்த செமஸ்டரில் அனாலிசிஸும் நுண்ணியற்கணிதமும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன, முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது உறைத்தது. என்னை வகுப்பில் பார்த்த ஆசிரியர்கள் நிறைய இருந்தார்கள். ஆய்வில் பார்த்தவர் ஒருவர்தான். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் பரிந்துரைக் கடிதத்தில் தேடுவது, விடை தெரியாத வேலையில் இவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை. நன்றாகத் தேர்வு எழுதுவார் என்ற கடிதம் எத்தனை சேர்ந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. அன்று மேஜரை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நிரூபணப் பாடங்களை ஒரே செமஸ்டரில் வைத்திருக்கக் கூடாது, ஆய்வகத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

கிரேடும் இருக்கிறது. நிரூபணப் பாடங்கள் நேரத்தை எவ்வளவு விழுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு கணக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். அதன் அழுத்தம் முதலில் தெரிவது உங்கள் முதன்மைத் துறையின் மதிப்பெண்ணில். வேலைக்கு நேரே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தரவு, நிதி, மென்பொருள் பக்கம் கணிதம் என்ற சொல் விண்ணப்பத்தில் நல்ல எடை தரும். நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் நிகழ்தகவும் புள்ளியியலும் நிரலாக்கமும். டோபாலஜி கேட்க மாட்டார்கள்.

காலக்கணக்கு மிக முக்கியம். கணிதப் பாடங்கள் சங்கிலிபோல ஒன்றையொன்று பிடித்திருக்கும். நுண்கணிதம், பல மாறிகளின் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிரூபண அறிமுகம், அனாலிசிஸ் ஒன்று, அனாலிசிஸ் இரண்டு: ஆறு கண்ணி. மேல்நிலைப் பாடங்கள் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், அதுவும் உங்கள் லேப் நடக்கும் மதியத்தில் வந்து உட்காரும். ஐந்தாம் செமஸ்டரில் முதல் நிரூபணப் பாடத்தைத் தொட்டால், எட்டாம் செமஸ்டருக்குள் முடிக்க ஒரு மோதல்கூட வரக் கூடாது. ஆகவே அந்த முதல் நிரூபணப் பாடத்தை மூன்றாம் அல்லது நான்காம் செமஸ்டரில் வைத்துக்கொள்ளுங்கள். நிரூபண அறிமுகப் பாடம் தனியாக இருந்தால் அது, இல்லையென்றால் நிரூபணத்தோடு நடத்தும் நேரியல் இயற்கணிதம். அந்த செமஸ்டரில் வேறு கனமான பாடம் வேண்டாம்.

பாடம் முடிந்ததும் கிரேடைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லாத நாளில், யாரும் கேட்காத கணக்கு ஒன்றைத் தானாக எடுத்து யோசித்தீர்களா? யோசித்திருந்தால் அடுத்த செமஸ்டரில் அனாலிசிஸுக்குப் பதிவு செய்யுங்கள், மேஜர் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம். யோசிக்கவில்லையென்றால் நான் சொன்ன ஐந்தில் மிச்சமிருப்பதை எடுங்கள். இரண்டு நிலையிலும் வரிசை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்த வழியில் போனாலும் உதவும் நிகழ்தகவு, எண்சார் பகுப்பாய்வு, இரண்டாம் நேரியல் இயற்கணிதம் ஆகியவை முதலில், மேஜருக்கு மட்டுமே தேவைப்படும் பாடங்கள் கடைசியில். அப்படி வைத்தால் ஆறாம் செமஸ்டரில் ஆய்வகம் கூப்பிட்டாலும், உடம்பு முடியாமல் போனாலும், மேஜரை அங்கேயே விட்டுவிடலாம். அதுவரை படித்தது மைனருக்குக் காணும்.